களியிலிருந்து பேகல் வரை: நம் ஊர் ராகியின் கதை

போன மாதம் பேத்தி பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். பையைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து, "தாத்தா, இதைச் சாப்பிட்டுப் பாருங்க, ராகி பேகல்" என்றாள். நடுவில் ஓட்டை, மேலே எள், பார்வைக்குப் பெரிய உளுந்து வடை. கடித்தால் வடையில்லை, பன்னும் இல்லை. கொஞ்சம் இழுத்துத்தான் மெல்ல வேண்டியிருந்தது. விலையைக் கேட்டேன். அவள் சொன்ன தொகைக்கு என் சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு ஒரு வருஷத்து ராகி வாங்கியிருக்கலாம்.

எனக்கு ஆச்சரியம் விலையில் இல்லை. குந்தாரப்பள்ளியில் பிறந்த நான், எந்தத் தானியத்தைப் பள்ளிக்கூடத்தில் மறைத்து மறைத்துத் தின்றேனோ, அதையே என் பேத்தி பெருமையாகக் கையில் ஏந்தி வருகிறாள். இது எப்படி நடந்தது என்று யோசித்ததன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பேகலைப் பற்றி இரண்டு வார்த்தை. இது போலந்து நாட்டு யூதர்களின் ரொட்டி. கிராகோ நகரத்து யூத சமூகத்தின் 1610-ஆம் ஆண்டு விதிமுறைகளில் இதன் பெயர் வருகிறது. அங்கிருந்து பிழைக்கப் போனவர்கள் நியூயார்க்குக்குக் கொண்டு போனார்கள். மற்ற ரொட்டிகளுக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், அடுப்பில் சுடுவதற்கு முன் இதைக் கொதிநீரில் போட்டு எடுப்பார்கள். மேல்மாவு வெந்து தோல் போல இறுகிவிடும். பளபளப்பும் மெல்லும் பதமும் அதனால் வருவதுதான். பேத்தி இதைச் சொன்னதும், "அட, பாதி களிதானே!" என்றேன். மாவைக் கொதிநீரில் வேகவைக்கும் வித்தை நமக்குப் புதிதா என்ன?

ராகியும் பிறப்பால் நம் ஊர்க்காரன் அல்ல. உகாண்டா, எத்தியோப்பியா பக்கத்து மேட்டு நிலங்களில் பிறந்து, சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்து சேர்ந்த பயிர். ஆனால் வந்தபின் நம்மை விட்டுப் போகவில்லை. தெற்கே கேழ்வரகு, சேலம் பக்கம் ஆரியம், நமக்கு ராகி, இலங்கையில் குரக்கன். அதன் அறிவியல் பெயரின் பின்பாதியான 'கொரகானா' அந்தக் குரக்கனிலிருந்து வந்ததுதான். நாம் களி என்பதைக் கன்னடக்காரர் முத்தெ என்கிறார், தெலுங்குக்காரர் சங்கடி என்கிறார். மூன்று மொழியும் புழங்கும் நம் பகுதியில், வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்கள் எந்த மொழியில் விலை பேசினாலும், மத்தியானம் உருட்டித் தின்றது ஒன்றைத்தான்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பெனிக்குக் கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடு வரிவசூல் நிர்வாகத்துக்கு வந்தார், அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. அவர்கள் அளந்து வரி போட்ட புன்செய் நிலங்களில் ராகிதான் முக்கியம். 1800-ல் மைசூர் சீமையைச் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், புன்செய்ப் பயிர்களில் ராகிக்குத்தான் முதலிடம் என்று எழுதினார். அதைத் தரைக்குள் குழி தோண்டிச் சேமிப்பதையும் குறித்து வைத்தார். ராகியின் பெரிய குணம் அதுதான். பூச்சி எளிதில் அண்டாது, வருஷக்கணக்கில் கெடாது. வங்கி இல்லாத காலத்தில் அந்தக் குழிதான் வங்கி.

ஆனாலும் 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் அந்தக் குழிகளும் காலியாயின. சேலம் ஜில்லா கடுமையாக அடிபட்டது. நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சிறு காசும் போதும் என்று ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது இன்றைய அரைக் கிலோவுக்கும் குறைவு. அந்தப் பஞ்சம் அடங்கிய 1878-ல்தான் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். 1952-ல் சென்னை மாகாண முதல்வராக இருந்து உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கியவர் அவரே.

பிறகு ஏன் ராகி இறங்கியது? மண் மாறவில்லை, மழை மாறவில்லை. மதிப்பு மாறியது. 1960-களில் எங்கள் பள்ளியில் அமெரிக்காவிலிருந்து வந்த மாவைக் கிண்டிப் போட்டார்கள். 1965-66 வறட்சியில் பி.எல்.480 கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965-ல் மத்திய அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்று ரொட்டிக் கம்பெனி தொடங்கியது. நம் வீடுகளிலோ ரொட்டி என்றால் காய்ச்சல்காரன் பாலில் நனைத்துத் தின்பது. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்ற முழக்கம். அண்ணா ஆட்சிக்கு வந்ததும் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தரப்பட்டது. அரிசிச் சோறு அரசியலின் வாக்குறுதியானது. ராகி யாருடைய வாக்குறுதியிலும் இல்லை.

சினிமா வேறு. "ஜெயில்ல களி திங்க வைக்கிறேன் பாரு" என்று போலீஸ்காரர் மிரட்டும்போது கொட்டகையே சிரிக்கும். வீட்டுக்குப் போனால் நமக்கு அதே களி! பிறகு அதை டப்பாவில் போட்டுப் பள்ளிக்கு எடுத்துப் போக எந்தப் பையனுக்கு மனம் வரும்? புளியமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவேன்.

இத்தனைக்கும் அதே காலத்தில் மண்டியா வி.சி. பண்ணையில் லட்சுமணய்யா என்ற விஞ்ஞானி, நம் ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் ஒட்டுச் சேர்த்து 'இண்டாஃப்' ரகங்களைக் கொடுத்தார். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டின் பெயரும் அதில் இருக்கிறது. விளைச்சல் நன்றாகக் கூடியது. ராகி தன் தாய்வீட்டுச் சொந்தத்தை இங்கே மறுபடி சந்தித்தது என்று சொல்லலாம். ஆனால் விளைச்சல் ஏறினாலும் தட்டில் இடம் குறைந்துகொண்டே வந்தது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஓசூரில் எனக்கு வேலை கிடைத்து, அம்மாவைக் கூட்டிப் போய் வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன் வேலை செய்பவர்கள் சாப்பிட வருவதாக இருந்தது. "அம்மா, இன்னிக்கு மட்டும் களி கிண்டாதே" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அரிசியும் கோழிக் குழம்பும் ஆக்கிப் பரிமாறினாள். எல்லோரும் போனபின் பார்த்தால், சமையலறை மூலையில் உட்கார்ந்து முந்தின நாள் களியை மோரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். "சோறு தின்னா ரெண்டு மணிக்கே வயிறு கேக்குதுடா" என்றாள். அவ்வளவுதான். நாற்பது வருஷம் ஆகிறது. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்கு மறந்து போயிருக்கும்.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டில் தமிழக அரசு தர்மபுரி, நீலகிரி மாவட்டங்களில் சோதனையாக ரேஷனில் மாதம் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி தரத் தொடங்கியது. அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை ராகிக்குக் குவிண்டால் 3,846 ரூபாய், சாதா நெல்லுக்கு 2,183 ரூபாய். ஏழையின் தானியம் நெல்லை விட விலை கூடிவிட்டது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து என்கிறார்கள். அம்மாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, ஆனால் கடைசி வரை நிமிர்ந்து நடந்தாள்.

இனி பேத்தியும் நானும் வீட்டில் செய்த பேகல். ராகி மாவை மட்டும் வைத்துச் செய்தால் உப்பாது. கோதுமையில் உள்ள பசைச்சத்து ராகியில் இல்லை. அதனால் முழுக்கோதுமை மாவு 300 கிராம், ராகி மாவு 100 கிராம், ஈஸ்ட் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, பொடித்த வெல்லம் ஒரு மேஜைக்கரண்டி. வெதுவெதுப்பான தண்ணீர் சுமார் 270 மில்லி விட்டுப் பத்து நிமிஷம் நன்றாகப் பிசைய வேண்டும். ஈரத்துணி மூடி ஒன்றரை மணி நேரம் வைத்து, எட்டு உருண்டையாக்கி, நடுவில் விரலால் ஓட்டை போட்டு இன்னும் இருபது நிமிஷம் விட வேண்டும். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, கொஞ்சம் வெல்லம் கரைத்து, பக்கத்துக்கு ஒரு நிமிஷம் வேகவிட்டு எடுத்து எள் தூவலாம். 220 டிகிரி சூட்டில் இருபது, இருபத்திரண்டு நிமிஷம் சுட்டால் போதும். முழுசாக ஆறிய பிறகு அறுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ராகிதானே என்று அளவு மீற வேண்டாம். கூழோ, களியோ, பேகலோ, எதுவானாலும் மாவுச்சத்துதான். நானே ஒன்றில் பாதிதான் எடுத்துக்கொள்கிறேன், கூடவே கீரைக் கடைசல்.

கொதிநீரிலிருந்து பேகலை எடுக்கச் சரியான கரண்டி இல்லை. பேத்தி பரணில் தேடி, அம்மாவின் களிக்கோலை எடுத்து வந்தாள். ஓட்டைக்குள் கோலை விட்டு ஒவ்வொன்றாகத் தூக்கினாள். "இது எதுக்கு தாத்தா?" என்று கேட்டாள். புளியமரத்துக் கதையையும் ஞாயிற்றுக்கிழமைக் கதையையும் அன்றுதான் அவளிடம் சொன்னேன்.

மறுநாள் காலை அவள் கிளம்பும் முன், "பேகல் நானே பண்ணிக்குவேன் தாத்தா, களி கிண்டக் கத்துக் குடுங்க" என்றாள். முதல் தடவை கட்டி தட்டிப் போயிற்று. இரண்டாம் தடவை பரவாயில்லை.

இருக்கிற நிலத்தில் அரை ஏக்கரில் இந்த ஆடியில் ராகி போட்டிருக்கிறோம், ஓரத்தில் அவரையும் துவரையும். மனை போட ஆள் வந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அறுப்பு முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.