மேசையடுப்பு உணவகம்

மேசையடுப்பு உணவகம் என்பது சாப்பிடுவோரின் மேசை நடுவிலேயே அடுப்பைப் பதித்து, பச்சைக் கறியை அவர்களே சுட்டுத் தின்னும்படி அமைந்த கொரிய வகை உணவு விடுதி. தமிழ்நாட்டில் இது சென்னையிலும் அதன் மேற்கே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் 1990-களின் இறுதியில் வந்த கார்த் தொழிற்சாலையைத் தொடர்ந்து வேர்பிடித்தது. வெளிநாட்டுச் சாப்பாடு நம் தெருவுக்கு வருவது புதிதல்ல. நூடுல்ஸ், பீட்சா, ஷவர்மா எல்லாம் வந்தன. ஆனால் அவை சமைத்து முடித்துத் தட்டில் வந்தவை. இங்கே அடுப்பே எழுந்து வந்து பந்தியில் உட்கார்ந்துகொண்டது. ஆகவே இதன் வரலாற்றை ருசியின் வரலாறாகச் சொல்வதைவிட, நெருப்பு யார் கையில் இருந்தது, புகை எங்கே போனது என்று சொல்வதே பொருத்தம்.

மேசையில் நடப்பது

கூட்டமான நேரத்தில் உள்ளே நுழைந்ததும் முதலில் எட்டுவது சத்தம். கொழுப்பு கல்லில் விழும் சீறல், தலைக்கு மேலே புகைக் குழாயின் இரைச்சல், அதை மீறிப் பேச வேண்டியிருப்பதால் ஏறிக்கொண்டே போகும் குரல்கள். மேசை நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். அதில் கரிக் கங்கு இருக்கும், அல்லது எரிவாயு பர்னர். மேலே கம்பி வலை, அல்லது சற்றுச் சாய்வான இரும்புக் கல். பன்றிக் கொழுப்பு உருகி ஒரு மூலைத் துளை வழியே வடிவதற்குத்தான் அந்தச் சாய்வு.

கறி எடைக் கணக்கில் வரும். ஓர் ஆள் பங்கு சுமார் 150 முதல் 200 கிராம். பல கடைகளில் இரண்டு பங்குக்குக் குறைவாகக் கேட்டால் அடுப்பைப் பற்றவைக்க மாட்டார்கள். தனியாள் சாப்பாடு அல்ல இது. ஊறவைக்காத கறியை முதலில் சுட வேண்டும், ஊறவைத்ததைப் பிறகு. சோயா சாறும் சர்க்கரையும் பேரிக்காய்ச் சாறும் சேர்ந்த ஊறல் கல்லில் கருகிப் பிடித்துக்கொள்ளும் என்பதால் இந்த வரிசை. வரிசையை மாற்றிவிட்டால் பாதிச் சாப்பாட்டில் கல்லை மாற்றச் சொல்லிக் கைதட்ட வேண்டியிருக்கும். மேசையிலேயே இருக்கும் மணியை அழுத்துவதும் உண்டு.

சுடுவதற்கு இடுக்கி, வெட்டுவதற்குக் கத்தரிக்கோல். வெந்துகொண்டிருக்கும் கறித் துண்டைத் தூக்கிப் பிடித்துக் கத்தரிக்கோலால் நறுக்குவதைப் பார்த்து முதல்முறை வரும் தமிழர் கொஞ்சம் திடுக்கிடுவார். பச்சைக் கறிக்கும் வெந்த கறிக்கும் வேறு வேறு இடுக்கி என்பது நல்ல கடைக்கு அடையாளம். பன்றிக் கறியை உள்ளே சிவப்பு மாறும்வரை விட வேண்டும்; பசியில் அவசரப்படுகிறவர்கள் எல்லா மேசையிலும் இருக்கிறார்கள்.

சுற்றிலும் சிறு கிண்ணங்களில் வரும் தொடுகறிகளுக்குப் பன்சான் என்று பெயர். கிம்ச்சி, முளைகட்டிய பயறு, ஊறவைத்த முள்ளங்கி, கீரை. இவற்றுக்குத் தனிக் காசில்லை. நம்மூர் ஓட்டலில் சட்னி, சாம்பாரை இரண்டாம் முறை கேட்பதுபோலக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வெந்த கறியை லெட்யூஸ் இலையிலோ பெரில்லா இலையிலோ வைத்து, ஒரு பல் பூண்டு, கொஞ்சம் சம்ஜாங் என்ற சோயா விழுது, விருப்பமானால் பச்சை மிளகாய் சேர்த்து மடித்து ஒரே வாயில் போட வேண்டும். கடித்துப் பாதியைக் கையில் வைத்திருப்பது அழகல்ல. கொரியர் சோற்றுக்குக் கரண்டியும் மற்றதற்குக் குச்சியும் பிடிப்பவர்கள். இந்தக் கவளத்துக்குக் கையைப் பயன்படுத்துகிறார்கள். அந்த இடத்தில் தமிழர் அவர்களைவிடத் தேர்ந்தவர்.

கறி முடிந்த பிறகுதான் சோறு அல்லது நூடுல்ஸ். ஐஸ் மிதக்கும் சாற்றில் வரும் நேங்ம்யொன் நூடுல்ஸ் ஒரு வழக்கம். கல்லில் மிஞ்சிய கொழுப்பிலேயே கிம்ச்சியும் சோறும் போட்டு வறுத்துக் கடைசியில் சுரண்டித் தின்பது இன்னொன்று. என் கணிப்பில் மொத்தச் சாப்பாட்டிலும் சிறந்த பகுதி அந்தச் சுரண்டல்தான்.

கொரியாவில்

கொரியர்கள் பழங்காலத்திலிருந்தே இப்படிச் சாப்பிட்டவர்கள் என்று உணவகச் சுவரொட்டிகள் சொல்லும். நான்காம் நூற்றாண்டுச் சீன நூலொன்றில் வடக்கு மக்களின் சுட்ட கறி பற்றி வரும் குறிப்பை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அது நேரடி முன்னோர்தானா என்பதில் அறிஞர்களிடையே உடன்பாடு இல்லை. பௌத்தம் ஓங்கியிருந்த கொர்யோ ஆட்சியில் (918–1392) கறியுணவு பின்வாங்கியிருந்தது. 1123-இல் அங்கே சென்ற சீனத் தூதர் சூ ஜிங், அந்நாட்டாருக்கு விலங்கை ஒழுங்காக அறுக்கத் தெரியவில்லை என்று எழுதிவைத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மங்கோலியர் ஆதிக்கத்தோடுதான் கறி திரும்பிவந்தது.

அடுத்து வந்த சோசொன் அரசு உழவு மாடு குறையாமலிருக்க மாடறுப்பைத் திரும்பத் திரும்பத் தடைசெய்தது. தடை அடிக்கடி போடப்பட்டதே அது மீறப்பட்டதற்குச் சாட்சி. ஆண்டுச் சடங்குகளைத் தொகுத்து ஹோங் சொக்-மோ 1849-இல் எழுதிய நூல், பத்தாம் மாதக் குளிரில் சியோல் மக்கள் கங்குச் சட்டியைச் சுற்றி அமர்ந்து, எண்ணெய், சோயா, வெங்காயத்தாள், பூண்டு, மிளகாய் சேர்த்த மாட்டிறைச்சியைச் சுட்டுத் தின்னும் வழக்கத்தைச் சொல்கிறது. சோங் ஹ்யோப் என்ற ஓவியரும் மரத்தடியில் ஆட்கள் அடுப்பைச் சூழ்ந்திருக்கும் இதே காட்சியை வரைந்திருக்கிறார். இன்றைய மேசையடுப்பின் மூதாதை இதுதான். அப்போது அது கடையல்ல. வசதியுள்ளவர்கள் நண்பர்களோடு கூடும் குளிர்காலக் கேளிக்கை.

கேளிக்கை வியாபாரமானது இருபதாம் நூற்றாண்டில். 1930-களில் ப்யோங்யாங் நகரின் மோரான்தே குன்றில் பைன் மரங்களின் கீழே புல்கொகி என்ற மாட்டுக் கறியைச் சுட்டுத் தின்பது பெரிய மோகமாக இருந்தது. புகையும் நாற்றமும் இயற்கைக் காட்சியைக் கெடுக்கின்றன என்று 1935-இல் அங்கே அதற்குத் தடை வந்தது. இவ்வகை உணவகம் புகையோடு போட்ட முதல் பெரிய சண்டை என்று இதைச் சொல்லலாம். கொரியப் போருக்குப் பின் சுவொன் நகரத்து விலாக் கறி, அதாவது கல்பி, பெயர் வாங்கியது. மாட்டிறைச்சி விலை எட்டாத குடும்பங்களுக்காகப் பன்றி வயிற்றுக் கறி 1970-களிலிருந்து முன்னுக்கு வந்தது. அதுதான் சம்கியொப்சால். 1997-இன் பொருளாதார நெருக்கடியில் வேலை போனவர்கள் பலர் சிறு முதலில் கடை போட்டார்கள்; சம்கியொப்சால் கடைகள் அந்த ஆண்டுகளில் தெருத்தெருவாகப் பெருகின.

புகை அடங்கியது ஜப்பானில். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கேயே தங்கிவிட்ட கொரியர்கள் 1940-களின் பிற்பகுதியில் ஒசாகா, டோக்கியோ நகரங்களில் கறி சுடும் கடைகளைத் திறந்தார்கள். உடுப்பில் நாற்றம் ஏறும் என்று அலுவலகப் பெண்கள் அவற்றைத் தவிர்த்தார்கள். 1980-இல் நகோயாவின் ஷின்போ நிறுவனம் புகையை மேலே விடாமல் அடுப்பின் விளிம்பிலேயே உறிஞ்சித் தரைக்கடியில் இழுத்துவிடும் மேசையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு இந்த உணவகம் அடுக்குமாடிக்குள்ளும் குளிர்பதனம் செய்த அறைக்குள்ளும் போக முடிந்தது. உலகம் முழுதும் பரவியதற்குத் திரைப்படமும் பாட்டும் காரணம் என்பார்கள். அந்த உறிஞ்சுகுழாய்க்கு உரிய பங்கை யாரும் கொடுப்பதில்லை.

தமிழ்நாட்டில்

ஹூண்டாய் மோட்டார் இந்தியா நிறுவனம் 1996-இல் பதிவானது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்து, 1998-இல் சான்ட்ரோ கார் வெளிவந்தது. உதிரிபாகம் செய்யும் கொரிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. 2007-இல் சாம்சங் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை திறந்தது. பொறியாளர்களும் மேலாளர்களும் குடும்பத்தோடு சென்னையில் வீடெடுத்தார்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியே ஆலைக்குப் போக வசதி என்பதால் கீழ்ப்பாக்கம் பக்கம் பலர் தங்கினார்கள். விருந்தினர் விடுதி, கொரிய மளிகைக் கடை, அதை ஒட்டி உணவகம் என்று ஒன்றையொன்று பற்றிக்கொண்டு வளர்ந்தன. முதல் கடைகள் தமிழருக்காகத் திறக்கப்பட்டவையல்ல. இரவு ஷிப்ட் முடித்து வரும் கொரியருக்கு ஊர்ச் சாப்பாடு போடும் மெஸ் என்றே அவற்றைச் சொல்ல வேண்டும்.

தமிழர் உள்ளே வந்தது மெதுவாக. பாரீஸ் மிட்டாய் நிறுவனத்தை 2004-இல் கொரியாவின் லோட்டே வாங்கியபோது நம் குழந்தைகள் கொரியரின் மிட்டாயைத் தின்றுகொண்டிருப்பது நமக்கே தெரியாது. 2006-இல் சென்னையில் தொடங்கிய இன்கோ மையம் கொரிய மொழியையும் கலைகளையும் அறிமுகம் செய்தது. புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்தது. அந்தத் தொடர்களில் மனம் உடைந்தாலும், பதவி உயர்ந்தாலும், காதல் கூடினாலும் ஆட்கள் கறி சுட்டுக்கொண்டே பேசுவார்கள். பார்த்தவர்கள் அந்த அடுப்பைத் தேடிப் போனார்கள். 2020-இன் ஊரடங்கு அந்தத் தொடர்களைப் பார்ப்போர் கூட்டத்தைப் பெருக்கியது.

இடையில் வேறொரு பழக்கமும் வந்திருந்தது. 2006-இல் மும்பையில் தொடங்கிய பார்பிக்யூ நேஷன், கரி அடுப்பை மேசைக்குள் இறக்கியது. அதில் கம்பியில் குத்திய துண்டுகள் சமையற்கட்டிலேயே பெரும்பாலும் வெந்து வரும். மேசை நெருப்பு சூடு ஆறாமல் காக்கத்தான். பொறுப்பு இன்னும் சமையற்காரரிடமே. கொரிய மேசையில் கறி பச்சையாக வரும், கருகினால் கருகியது நம் கணக்கு.

இங்கே வந்ததில் மாறியவை சில. கொரியாவில் சுட்ட கறியும் சோஜு மதுவும் பிரியாதவை. தமிழ்நாட்டில் நட்சத்திர விடுதிகளுக்கும் கிளப்புகளுக்கும்தான் மதுப் பரிமாற உரிமம். தனி உணவகத்துக்கு இல்லை. அதனால் நம்மிடம் வந்தது பாதி மேசைதான்: சோஜு இருக்க வேண்டிய இடத்தில் கோலா. பன்றியும் மாடும் தொடாதவர்களுக்காகக் கோழி முன்னுக்கு வந்தது. சைவருக்குக் காளானும் டோஃபுவும் உண்டு, ஆனால் அவர் சிக்கல் கல்லில் இருக்கிறது. ஒரே கல்லில் பக்கத்தில் பன்றி வேகும்போது காளானை யார் எடுப்பார்? கிம்ச்சியும் சைவமென்று நம்பிவிட முடியாது, வழக்கமான செய்முறையில் மீன் சாறோ உப்பிட்ட இறாலோ சேரும். ஒரே குழம்புச் சட்டியில் எல்லாரும் கரண்டி விடும் கொரிய வழக்கத்துக்கு எச்சில் பார்க்கும் நம்மவர்கள் தனிக் கிண்ணம் கேட்டார்கள். கொரோனாவுக்குப் பின் கொரியாவிலேயே அப்படிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

திருவண்ணாமலையும் பந்தியும்

இந்த உணவகத்தின் நேர் எதிர்முனையைக் காண விரும்புகிறவர் சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தென்மேற்கே திருவண்ணாமலைக்குப் போகலாம். மலையே நெருப்பு என்று வணங்கும் ஊரில் சாப்பிடுகிறவர் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. வரிசையில் உட்கார வேண்டும், இலை விழும், வாளியோடு வருகிறவர் எதை எப்போது போடுகிறாரோ அதுவே முறை. தமிழக அரசின் கோயில் அன்னதானத் திட்டம் 2002-இல் தொடங்கியது. அண்ணாமலையார் கோயிலில் 2022 இறுதியிலிருந்து அது நாள் முழுதும் நடக்கிறது. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக அன்னதானம் நடக்கும். அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வாங்க வேண்டும்.

அதே ஊரின் ரமணாசிரமத்துப் பந்திக்குத் தனி வரலாறு உண்டு. 1930-களில் ஆசிரமத்தின் ஞானி ரமணர் விடியுமுன் சமையற்கட்டுக்கு வந்து காய் நறுக்குவார், சட்னி அரைப்பார். தன் இலையில் மற்றவர்களைவிட ஒரு பிடி கூடுதலாக விழுந்தாலும் ஏற்கமாட்டார். அந்தக் கூடத்திலும் பிராமணர்களுக்குத் தனி வரிசை, நடுவே தடுப்பு இருந்தது. இரு பக்கத்தாருக்கும் தெரியும் இடத்தில் அவர் அமர்ந்தார். பந்தி எல்லாரையும் ஒன்றாக உட்காரவைக்கிறது என்று பெருமைப்படுகிறவர்கள் அந்தத் தடுப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஊரில் கறி இல்லாமல் இல்லை. பிரியாணிக்குப் பெயர்போன ஆரணி இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஆளுநர் ஆர்.என்.ரவி கிரிவலப் பாதையிலுள்ள அசைவக் கடைகள் பக்தர்களை வருத்துவதாகச் சொன்னார். உணவு அவரவர் விருப்பம் என்று அமைச்சர் எஸ்.ரகுபதி பதிலளித்தார். பிரியாணிக் கடைக்கே இந்த வாதம் என்றால், பன்றிக் கொழுப்பின் புகையை வெளியே விடும் குழாய் அந்தச் சாலையில் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஊகிக்கலாம். மோரான்தே குன்றின் கதைதான் அது.

கொரியாவுக்கும் இந்த ஊருக்கும் சாப்பாட்டில் உறவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அங்குள்ள பௌத்த மடங்களில் பாரு கொங்யாங் என்ற உண்ணும் முறை இருக்கிறது. துறவிகள் சுவரோரம் வரிசையாகத் தரையில் அமர்வார்கள். பரிமாறுகிறவர்கள் சோற்றையும் சாற்றையும் வாளியில் கொண்டுவருவார்கள். மூத்தவருக்கும் இளையவருக்கும் ஒரே சாப்பாடு. கறி, மீனோடு பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. பேச்சு கிடையாது. முடிந்ததும் கிண்ணத்தை நீர் விட்டுத் துலக்கி, அந்த நீரையும் குடித்துவிட வேண்டும். பருக்கை மிஞ்சக் கூடாது. சென்னைக் கொரியக் கடைகளின் பட்டியலில் இதைத் தேடிப் பயனில்லை. 2002 உலகக் கோப்பைக் கால்பந்தை ஒட்டித் தொடங்கிய, மடத்தில் தங்கும் திட்டத்தில் சேர்ந்தால், வெளியாள் அந்த வரிசையில் உட்காரலாம்.