வெப்பத்தைக் காத்த சுவர்

1893ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நோர்வே தேசத்தினின்றும் "பிராம்" என்னும் மரக்கப்பல் வடதுருவக் கடலை நோக்கிப் புறப்பட்டது. அதன் தலைவர் பிரிட்ஜொவ் நான்சன். கப்பலை வேண்டுமென்றே பனிக்கட்டியிற் சிக்கவைத்து, அப்பனியின் நகர்ச்சியோடு துருவக் கடலைக் கடந்துவிடலாம் என்பது அவர் கருத்து. அப்பயணத்தின் வீரச் செயல்களைப் பலர் எழுதியுள்ளனர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டதோ அக்கப்பலின் சுவரைப் பற்றியது.

பதின்மூவர் பனிக்கிடையே ஆண்டுக்கணக்கில் வாழவேண்டும். கொண்டுசெல்லக்கூடிய நிலக்கரியோ அளவுக்குட்பட்டது. ஆதலால் கப்பலின் உட்புறத்திலே தார் தோய்த்த கம்பளம், தக்கை, மரப்பலகை, பனிமானின் மயிர் என அடுக்கடுக்காக வைத்துச் சுவரையும் கூரையையும் அமைத்தனர். மேற்சாளரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கண்ணாடிகள் இட்டனர். துருவக் காற்றிலே சுழலும் காற்றாடியொன்று மின்விளக்கை எரித்தது. வெளியே கடுங்குளிர் நிலவிய நாட்களிலும் அடுப்பு மூட்டாமலே உள்ளே இருக்க முடிந்ததென்று நான்சன் தம் பயண நூலிற் பெருமிதத்தோடு குறிப்பிட்டிருக்கிறார்.

இதன் இரகசியம் எளிது. வீட்டினுள்ளே குளிர் புகுகின்றது என்று நாம் சொல்கிறோம். பௌதிகவியலார் அவ்வாறு சொல்லார். வெப்பமே சூடான இடத்தினின்றும் குளிர்ந்த இடத்துக்கு ஓடுகின்றது. சுவரை ஊடுருவியும் ஓடும், இடுக்குகளினூடே காற்றோடு கலந்தும் ஓடும். அசையாமல் அடைபட்டுக் கிடக்கும் காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாது. கம்பளியும் தக்கையும் மயிரும் உதவுவது அவற்றின் நுண்டுளைகளிலே சிறைப்பட்ட காற்றினாலேயே. இத்தகைய பொருளை வெப்பக்காவலி என்பர். சுவரிலே காவலியைத் தடிப்பாக இட்டு, இடுக்குகளை அடைத்துவிட்டால், உள்ளே பிறக்கும் சிறு வெப்பமும் நெடுநேரம் தங்கும்.

கப்பலிலே நிறைவேறிய இக்காரியத்தைத் தரையிலே வீடு கட்டுவோர் கற்றுக்கொள்ள ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன. அதற்குக் காரணம் அறியாமை அன்று, மலிவு. நிலக்கரியும் பின்னர் எண்ணெயும் குறைந்த விலைக்குக் கிடைத்தபோது, மெல்லிய சுவருக்குள்ளே பெரிய உலையை எரிப்பதே இலாபமாகத் தோன்றியது. ஓட்டைப் பானையிலே ஓயாது நீர் வார்ப்பவன் நிலையில் மேனாட்டு வீட்டுக்காரன் இருந்தான். நீர் மலிவாக இருக்கும்வரை பானையை யார் பார்க்கப்போகிறார்கள்?

1973ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் மத்திய கிழக்கிலே போர் மூண்டது. அராபிய நாடுகள் எண்ணெய் விநியோகத்தைத் தடுத்தன. சில மாதங்களிலேயே ஒரு பீப்பாய் எண்ணெயின் விலை ஏறத்தாழ 3 டொலரிலிருந்து 12 டொலரை அண்மித்தது. பானையின் ஓட்டை அப்பொழுதுதான் கண்ணிற் பட்டது.

முதலிலே எல்லோருடைய பார்வையும் சூரியனை நோக்கித் திரும்பியது. 1975ஆம் ஆண்டளவில் டென்மார்க்கின் லிங்பி நகரிலே, அங்குள்ள தொழினுட்பப் பல்கலைக்கழகத்தார் வாகன் கோர்ஸ்கார்ட் என்பவரின் தலைமையில் ஒரு பரிசோதனை வீட்டை அமைத்தனர். கோடையின் வெப்பத்தை 30 கன மீற்றர் கொள்ளும் நீர்த்தொட்டியிலே சேமித்து, மாரியிலே செலவிடுவது அவர்கள் திட்டம். அவ்வீட்டின் சுவர்களும் நன்றாகக் காவலிடப்பட்டிருந்தன. ஆயினும் பார்வையாளரைக் கவர்ந்தவை கூரைமேற் பளபளத்த கருவிகளே, சுவரைக் கேட்பாரில்லை.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்திலே வேய்ன் ஷிக் என்பவரும் அவர்தம் குழுவினரும் 1976இல் வேறு விதமாகக் கணக்கிட்டனர். இரட்டைச் சுவர், தடித்த காவலி, தெற்கு நோக்கிய சாளரங்கள். இவ்வளவே அவர்களின் வீட்டுத் திட்டம். அத்திட்டம் வெளியானபோது உலகம் அதனைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இந்த வரலாற்றின் நடுநாயகமாக உள்ளது கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்திலுள்ள ரெஜைனா நகரம். பரந்த புல்வெளியின் நடுவே உள்ள அந்நகரிலே மாரிக்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 40 பாகைவரை இறங்குவதுண்டு. தங்கள் மாகாணத்துக்கு ஏற்ற சூரிய வீடொன்றைக் கட்டுமாறு மாகாண அரசாங்கம் ஆராய்ச்சியாளரைக் கேட்டது. அவர்களுள் ஒருவர் ஹரல்ட் ஓர் என்னும் பொறியியலாளர். கணக்கிட்டுப் பார்த்த குழுவினர் சங்கடமான முடிவொன்றுக்கு வந்தனர். வெப்பம் மிகுதியாக வேண்டிய மாதங்களிலே அங்கு பகல் மிகக் குறுகியது. சாதாரண வீட்டைச் சூரியனைக் கொண்டு காக்கவேண்டுமாயின் சேமிப்புத் தொட்டி தாங்கமுடியாத அளவுக்குப் பெருக்கும். எனவே அவர்கள் கேள்வியையே மாற்றினர். வெப்பத்தை எங்கிருந்து பெறுவது என்பதை விட்டு, ஏன் இழக்கின்றோம் என்று கேட்டனர்.

1977ஆம் ஆண்டிலே "சஸ்கச்சுவான் சிக்கன வீடு" எழுந்தது. சுவர் ஏறத்தாழ 12 அங்குலத் தடிப்பு. அக்காலத்துச் சாதாரண வீட்டின் சுவரைப்போல மூன்று மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கவல்லது. கூரையிலே காவலி அதனினும் மிகுதி. இரவிலே சாளரங்களை மூடக் காவலிட்ட கதவுகள் உண்டு. சுவரின் உட்புறத்திலே பொலித்தீன் தாளை இடைவெளி இன்றி ஒட்டினர். மூலைகளிலும் மின்கம்பி நுழையும் இடங்களிலும் தனிக் கவனம் செலுத்தினர். வீடு முழுவதையும் சூடாக்கும் உலை அங்கே வைக்கப்படவேயில்லை. ரெஜைனா நகரிலே உலையில்லாத வீடு என்றால், நம் ஊரிலே கிணறில்லாத வளவு என்பதுபோல.

இடுக்குகள் அடைபட்டனவா என்பதை எவ்வாறு அறிவது? வாயிற்கதவின் இடத்திலே பெரிய விசிறியொன்றைப் பொருத்தி, வீட்டினுள்ளிருந்த காற்றை அதன்மூலம் வெளியே இழுத்தனர். கட்டட வேலையில் எவ்விடத்திலே கவனம் தவறியதோ அவ்விடத்தால் வெளிக்காற்று உள்ளே சீறும். தச்சனிடம் தர்க்கஞ் செய்யவேண்டியதில்லை. கையை அருகே கொண்டுசென்றாற் போதும். இச்சோதனைமுறையை வளர்த்தவர்களுள் ஓர் குறிப்பிடத்தக்கவர்.

இவ்வாறு அடைத்த வீட்டிலே மனிதர் எவ்வாறு மூச்சுவிடுவர் என்று நேயர்கள் கேட்கலாம். அக்கேள்வி அங்கும் எழுந்தது. சஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தார் அதற்கு ஒரு கருவி செய்தனர். வெளியேறும் பழைய காற்றும் உட்புகும் புதிய காற்றும் மெல்லிய தகடுகளின் இரு பக்கங்களிலே கலக்காமற் செல்லும். வெளியேறும் காற்று தன் வெப்பத்தைப் புகும் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். காற்று மாறும், வெப்பம் மாறாது. சமையல், விளக்கு, சாளரத்தால் வரும் வெயில், குடியிருப்போரின் உடல் ஆகியவற்றின் வெப்பமே பெரும்பாலும் வீட்டுக்குப் போதியதாயிற்று. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாற்று வெப்பத்தை வெளியிடுகின்றது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வீட்டிலும் அரசாங்கத்தின் விருப்பப்படி சூரியவெப்பக் குழாய்கள் பொருத்தப்பட்டன. அவை பெருஞ்செலவு வைத்தன, அடிக்கடி பழுதடைந்தன, பின்னர் அகற்றப்பட்டன. சுவர் மட்டும் பேசாமல் வேலைசெய்துகொண்டிருந்தது. எனினும் அந்நாளிலே அவ்வீட்டைச் "சூரிய வீடு" என்றே பலர் அழைத்தனர் என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை. காட்சிக்கு அகப்படாத பொருளுக்குப் பெயர் கிடைப்பது அரிது.

இதே காலத்திலே அவசரத்தால் விளைந்த தீங்கும் உண்டு. எண்ணெய் விலைக்கு அஞ்சிய கனடா மக்கள் பலர், பழைய சுவர்களினுள்ளே ஒருவகை இரசாயன நுரையை ஊற்றி நிரப்பினர். அந்நுரையினின்றும் போமல்டிகைட்டு என்னும் நச்சு வாயு வெளிப்படுவதாக முறைப்பாடுகள் எழுந்தன. 1980 டிசம்பரிலே அரசாங்கம் அந்நுரையைத் தடைசெய்தது. வேறு சிலர் காற்றைத் தடுக்காமற் காவலியை மட்டும் திணித்தனர். வீட்டினுள்ளிருந்து கசிந்த ஈரக்காற்று குளிர்ந்த சுவருக்குள்ளே நீராக மாறி மரத்தை உக்கச்செய்தது. வீட்டைக் காக்கச் செலவிட்ட பணமே வீட்டைக் கெடுத்தது. முறை ஒன்று, அதன் அரைகுறைப் பிரதி வேறொன்று என்பதைப் பொதுமக்கள் எவ்வாறு அறிவர்? காவலி என்ற சொல்லே சில காலம் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று.

உண்மையான முறையை உரக்கச் சொன்னவர் ஹாவர்ட் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியலாளர் வில்லியம் ஷர்கிளிஃப். ஒலியினும் விரைந்து செல்லும் விமானங்களுக்கு எதிராக இயக்கம் நடத்தி முன்னரே பெயர்பெற்றவர் அவர். 1979இலே மாசச்சுசெற்சு மாநிலத்துப் பெப்பரெல் என்னுமூரில் யூஜின் லெஜர் கட்டிய வீட்டையும் ரெஜைனா வீட்டையும் எடுத்துக்காட்டி, இவை சூரிய வீடுகளல்ல, புதியதோர் இனம் என்று ஷர்கிளிஃப் எழுதினார். லெஜரின் வீடு வெளித்தோற்றத்தில் அயல் வீடுகளினின்றும் வேறுபடவில்லை. நீர் சூடாக்கும் சிறு கருவியே அதற்குக் கணப்பும் ஆயிற்று.

ஓர் அவர்கள் புதிய வீடுகளோடு நிற்கவில்லை. 1982இலே சஸ்கற்றூன் நகரிலே பழைய வீடொன்றின் கூரை இறவாரத்தை இயந்திர வாளால் அறுத்துத் தள்ளி, வீடு முழுவதையும் வெளியிலிருந்து பொலித்தீனாலும் காவலியாலும் போர்த்தி, அதன்மேற் புதிய இறவாரம் பொருத்தினார். இறவாரம் இருக்கும்வரை போர்வை மூலையிலே இடைவிடும் என்பதே அதற்குக் காரணம். அயலார் என்ன நினைத்திருப்பரோ! ஆனால் காற்றுக் கசிவு முன்னிருந்ததில் ஏறத்தாழ பத்திலொரு பங்காகக் குறைந்தது.

பின்னர் எண்ணெய் விலை விழுந்தது. 1986இலே ஒரு பீப்பாய் சில வேளைகளில் 10 டொலரளவிற்கு இறங்கிற்று. வெள்ளை மாளிகையின் கூரையிலே 1979இல் ஏற்றப்பட்ட சூரியத் தட்டுகள் அவ்வாண்டிலே கழற்றப்பட்டன. கனடாவிலே தேர்ந்த சில வீடமைப்போர் இம்முறையைத் தொடர்ந்தனர்; ஏனையோர் பழைய மெல்லிய சுவருக்குத் திரும்பினர். கண்டறிந்த உண்மை பொய்யாகவில்லை. அதனைக் கேட்பாரே குறைந்தனர். எத்தனையோ இலட்சம் வீடுகள் அந்த இடைக்காலத்திலே பழையபடி கட்டப்பட்டன. கட்டிய வீடு ஓரிரு தலைமுறைக்கு நிற்குமாதலின், அக்கவனக்குறைவின் செலவை அவற்றிற் பின்னர் குடியேறியோரே செலுத்தலாயினர்.

அறிவு அழியாமற் காத்தவர்கள் ஐரோப்பாவிலே இருந்தனர். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் போ அடம்சன், சீனாவிலே வீடுகளுக்கு வெப்பமூட்டும் வசதி வழங்கப்படாத தென்பகுதிகளுக்காக, எரிபொருளின்றியே ஓரளவு சுகமளிக்கும் வீடுகளைப் பற்றி ஆராய்ந்தவர். 1988இலே அவரும் ஜேர்மன் பௌதிகவியலாளர் வொல்ஃப்காங் ஃபைஸ்டும் உரையாடியபோது ஒரு கருத்து உருவாயிற்று. குளிர்நாட்டு வீட்டிலே வெப்பத் தேவையைக் கணப்பே வேண்டாத அளவுக்குக் குறைத்தால், கணப்புக்கும் குழாய்களுக்கும் செலவாகும் பணத்தைச் சுவருக்கே செலவிடலாம் அல்லவா?

டார்ம்ஸ்டாட் நகரின் கிரானிக்ஸ்டைன் பகுதியிலே ஒன்றோடொன்று ஒட்டிய நான்கு வீடுகள் கட்டப்பட்டு, 1991 ஒக்டோபரிலே குடும்பங்கள் குடியேறின. அவற்றுள் ஒன்று ஃபைஸ்டின் குடும்பம். தாம் சொன்ன வீட்டிலே தம் மக்களோடு தாமே மாரியைக் கழிக்கத் துணிந்த ஆராய்ச்சியாளரை நாம் மதிக்கவேண்டும். கூரையிலே 45 சென்ரிமீற்றர் காவலி, சாளரங்களுக்கு மூன்று கண்ணாடிகள், அவற்றிடையே கிறிப்தன் வாயு, சட்டங்களுக்கும் காவலி. ரெஜைனாவிலே காகிதத்திற் கிடந்த அனுபவம் இங்கே அளவீட்டுக் கருவிகளோடு ஆண்டுதோறும் சரிபார்க்கப்பட்டது.

இதிலிருந்து ஒரு வரையறை பிறந்தது. வெப்பமூட்டுதற்குச் சதுர மீற்றருக்கு ஆண்டொன்றுக்கு 15 கிலோவாற்று மணிக்கு மேற்படலாகாது. எண்ணெயாயின் ஏறக்குறைய ஒன்றரை லீற்றர். கடுங்குளிரிலும் சதுர மீற்றருக்கு 10 வாற்று போதும். இருபது சதுர மீற்றர் அறைக்கு இருநூறு வாற்று. அது முன்னர்ச் சொன்ன கணக்கின்படி இரு மனிதர். 1996இலே ஃபைஸ்ட் இதற்கெனத் தனி நிறுவனமொன்றைத் தொடங்கினார். அந்நிறுவனம் ரெஜைனா வீட்டையும் நான்சனின் பிராம் கப்பலையும் தன் முன்னோடிகளாகக் கொண்டு சிறப்பித்துள்ளது.

இது குளிர்நாட்டுக் கதை, நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டிலே கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிலகம் ஒன்றின் பழைய கட்டடம், இடிக்கப்படாமற் புதுப்பிக்கப்பட்டு, டார்ம்ஸ்டாட் முறையின்படி சான்றிதழ் பெற்றது. அங்கே வெப்பம் ஓடும் திசை மாறுகின்றது. வெயிலும் கடற்காற்றின் ஈரமும் வெளியிலிருந்து உள்ளே புக முயல்கின்றன. சுவரும் கண்ணாடியும் அவற்றைத் தடுத்து நிற்கவேண்டும். ரெஜைனா வீட்டிலே மனித உடலின் வெப்பம் வரவாகக் கொள்ளப்பட்டது. கட்டுநாயக்காவிலோ தொழிலாளரின் உடலும் தையற்பொறியும் விளக்கும் பிறப்பிக்கும் வெப்பமும் செலவுக் கணக்கிலேயே சேர்கின்றது. அதனோடு ஈரத்தையும் நீக்கவேண்டும். ஆதலால் குளிர்நாட்டுப் பொறியியலாளர் போட்ட கணக்கினும் இங்கே போடவேண்டிய கணக்கு கடினமானது.