மீன் வயிறும் முதலை வாயும்

அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளை மீண்டு வந்ததும், பெருமீன் விழுங்கிய யோனா கரையேறியதும் தத்தம் மரபில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த கதைகள். இரண்டையும் அருகருகே வைத்தவுடன் கண்ணில் படும் ஒற்றுமை பெரிதாக எதையும் சொல்லிவிடாது. விழுங்கும் விலங்கும் மீளும் உயிரும் உலகக் கதைகள் பலவற்றில் உண்டு. இங்கே ஒப்பிட விரும்புவது வேறொன்றை. கையில் ஒரு பழைய மறைநூல் இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து வரும் ஒருவர் அதைக் கொண்டு புதிதாக ஒன்றைச் சொல்கிறார். அப்போது பழைய நூலை அவர் என்ன செய்கிறார்? தொடக்ககாலக் கிறித்தவ ஆசிரியர்கள் யூத மறைநூலைக் கையாண்ட விதத்தையும், சேக்கிழார் பெரியபுராணத்தில் சுந்தரரின் அவிநாசிப் பதிகத்தைக் கையாண்ட விதத்தையும் இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

கால இடைவெளியே முதலில் வியப்பூட்டுகிறது. யோனா நூல் கி.மு. ஐந்தாம் அல்லது நான்காம் நூற்றாண்டில் எழுந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். மத்தேயு நற்செய்தி கி.பி. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. சுந்தரரை எட்டாம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறோம். சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) காலத்தவர். இரு பக்கமும் நான்கைந்து நூற்றாண்டு. அதற்குள் யோனா, பன்னிரு சிறு இறைவாக்கினர் தொகுதியில் ஒருவராகி, ஓதப்படும் மறையாகிவிட்டார். அதற்குள் சுந்தரர் பாடல்கள் ஏழாம் திருமுறையாகிக் கோயில்களில் பண்ணோடு ஒலித்தன. ஆக மத்தேயுவும் சரி, சேக்கிழாரும் சரி, எடுத்தது வெறும் கதையை அன்று. ஊரறிந்த, மாற்ற முடியாத சொற்களை.

அந்தச் சொற்கள் எவ்வளவு என்று பார்த்தால் இன்னும் வியப்பு. யோனா நூலுக்கு நான்கே அதிகாரம். அதில் மீன் வருவது இரண்டு மூன்று வசனங்களில். நூலின் பெரும்பகுதி நினிவே நகரம் மனம் திரும்பியதையும், அது கண்டு யோனா சினந்ததையும், அவரிடம் கடவுள் கேட்ட கேள்வியையும் பற்றியது. திருப்புக்கொளியூர் அவிநாசிப் பதிகத்துக்குப் பத்துப் பாட்டு. இரண்டாம் பாட்டில் குளத்தில் இறங்கிக் குளித்த சிறுவன் வருகிறான். நான்காம் பாட்டில் முதலையும் காலனும் வருகிறார்கள். மற்றவற்றில் சுந்தரர் தம்மையும் தம் இறைவனையும் பற்றியே பேசுகிறார். மூன்றாம் பாட்டு எனக்கு மிகவும் நெருக்கமானது. இறைவனை நினைத்துவிட்டால் கொங்கு நாட்டுக்குள் புகுந்தாலும் உடுத்த துணியைப் பறிக்க ஆளில்லை என்கிறார். அவிநாசிக்குப் பக்கத்திலேயே, திருமுருகன்பூண்டியில், சேரமான் பெருமாள் தந்த பொருளையெல்லாம் வேடுவரிடம் பறிகொடுத்தவர் என்று மரபு சொல்லும் ஒருவருடைய வாக்கு இது. எட்டாம் நூற்றாண்டுக் கொங்கு வழிப்பாதையின் அச்சம் அந்த ஒரு பாட்டில் அப்படியே இருக்கிறது.

இந்தச் சிறு விதையிலிருந்து சேக்கிழார் வளர்த்தெடுப்பது ஒரு முழு நாடகம். பெரியபுராணத்தின் கடைசிப் பகுதியான வெள்ளானைச் சருக்கத்தில் சுந்தரர் இரண்டாம் முறையாகச் சேரநாட்டுக்குப் போகும் வழியில் அவிநாசிக்கு வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஓசை, எதிர்வீட்டில் அழுகை. விசாரிக்கிறார். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் மடுவில் குளித்தபோது ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. பிழைத்தவனுக்கு இன்று பூணூல் கல்யாணம் என்கிறார்கள். அதற்குள் அழுதுகொண்டிருந்த பெற்றோர் வந்திருப்பவர் யாரென்று அறிந்து, துயரை மறைத்து, முகம் மலர்ந்து வணங்குகிறார்கள். அந்த முகமலர்ச்சிதான் சுந்தரரை உருக்குகிறது. பதிகத்தில் இரண்டு வீடுகள் இல்லை, பெற்றோர் இல்லை, பூணூல் இல்லை. ஆனால் பதிகம் அச்சிறுவனை மாணி என்கிறது. மாணி என்றால் பூணூல் அணிந்த பிரமசாரி. பூணூல் கல்யாணத்தில் கதையைத் தொடங்கி, மீண்ட பிள்ளைக்கும் பூணூல் அணிவித்து முடிக்கும் சேக்கிழார், அந்த ஒரு சொல்லுக்கு வாழ்க்கை கொடுத்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மத்தேயு எதிர்த்திசையில் போகிறார். யோனா கதையில் அவர் எதையும் கூட்டவில்லை, மாறாகச் சுருக்குகிறார். அடையாளம் கேட்டவர்களுக்கு இயேசு சொன்ன மறுமொழியாக, யோனா மூன்று பகலும் மூன்று இரவும் மீன் வயிற்றில் இருந்ததுபோல மானிட மகனும் நிலத்தின் உள்ளே இருப்பார் என்ற ஒப்புமையைத் தருகிறார். அந்த ஒரு வாக்கியத்தில் பழைய நூலின் முகம் மாறிவிடுகிறது. நினிவேயை நோக்கிப் போன யோனா, எருசலேமின் காலிக் கல்லறையை நோக்கிப் போகத் தொடங்குகிறார். சேக்கிழார் பாட்டு பிறந்த இடத்தைத் தேடிப் பின்னோக்கி நடக்கிறார். மத்தேயு கதை போய்ச் சேரும் இடத்தைத் தேடி முன்னோக்கி நடக்கிறார். இரு மரபுகளுக்கும் இடையே உள்ள அடிப்படை வேறுபாடாக நான் கருதுவது இதைத்தான்.

தமிழ் இலக்கணம் இதை எடைபோட ஒரு கருவி வைத்திருக்கிறது. கொங்கின் சீனாபுரத்தோடு மரபு இணைத்துப் பேசும் பவணந்தி முனிவர், நன்னூலின் பாயிரத்தில் நூல்களை முதல், வழி, சார்பு என்று பிரிக்கிறார். சுந்தரரின் திருத்தொண்டத்தொகை முதல்நூல், நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி வழிநூல், பெரியபுராணம் விரிநூல் என்று சைவ மரபும் வரிசை வைக்கிறது. வழிநூல் எவ்வளவு விரிந்தாலும் அதிகாரம் முதல்நூலிடமே இருக்கும். சேக்கிழார் சுந்தரருக்குக் கீழே நின்றுதான் பாடுகிறார். கிறித்தவ ஆசிரியர்களை இந்த வரிசையில் வைக்க முயன்றால் வரிசையே புரண்டுவிடுகிறது. எபிரேயருக்கு எழுதிய திருமுகம் பழைய சட்டத்தை வரப்போகும் நன்மைகளின் நிழல் என்கிறது. காலத்தால் முந்தியது நிழல், பிந்தியது பொருள். முதல்நூலுக்குப் பொருள் தருவது பிற்கால நூல் என்ற நிலை நம் பாயிர இலக்கணத்துக்குப் புதிது.

இத்தனை வேறுபாட்டுக்கு நடுவில்தான் எதிர்பாராத உறவு தலைகாட்டுகிறது. விழுங்கப்பட்ட காலத்தைக் கணக்கிடுவதில் இரு தரப்பாருக்கும் இருந்த அக்கறையைப் பாருங்கள். வெள்ளி மாலை அடக்கமாகி ஞாயிறு விடியலில் எழுந்தவருக்கு மூன்று இரவு எங்கே என்ற கேள்வி கிறித்தவர்களை உறுத்தியது. மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த ‘திதஸ்காலியா’ என்னும் திருச்சபை ஒழுங்கு நூல், சிலுவையின்போது நண்பகலில் சூழ்ந்த மூன்று மணி நேர இருளை ஓர் இரவாகவே எண்ணிக் கணக்கைச் சரிசெய்தது. சேக்கிழாருக்கும் ஒரு கணக்கு இருந்தது. ஐந்து வயதில் போன பிள்ளை அதே வயதில் திரும்பினால், எதிர்வீட்டுத் தோழனுக்கு ஈடாக எப்படி நிற்பான்? ஆகவே காலன் அந்த உயிரைத் திருப்பித் தரும்போது, கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியையும் சேர்த்துத் தருகிறான். முதலை கரையில் விட்டது வளர்ந்த பிள்ளையை. அற்புதத்தை முழுமையாக நம்பியவர்கள்தாம் நாளையும் ஆண்டையும் இப்படிக் கருத்தோடு எண்ணுகிறார்கள். நம்பாதவருக்கு இந்தக் கணக்கே தேவையில்லை.

இன்னொரு உறவு இதைவிட ஆழமானது. மீனைச் சாவாகப் பார்த்ததைக் கிறித்தவர்கள் வலிந்து புகுத்திய பொருள் என்று சிலர் சொல்வதுண்டு. யோனா நூலைத் திறந்தால் இரண்டாம் அதிகாரத்தில் யோனாவே, பாதாளத்தின் வயிற்றிலிருந்து கூவினேன் என்ற கருத்தில் பாடுகிறார். மீனும் மரணமும் ஏற்கெனவே அங்கே ஒன்றாகிவிட்டன. அவிநாசிப் பதிகத்திலும் அப்படியே. பிள்ளையைத் தரும்படி முதலைக்கு மட்டுமன்றிக் காலனுக்கும் சொல்லுமாறு இறைவனிடம் கேட்கிறார் சுந்தரர். இரண்டு விலங்குகளும் மேலிடத்து ஆணைக்குக் காத்திருப்பவை. மீனுக்குக் கடவுள் கட்டளையிட்டார், அது கக்கியது. பிற்கால உரைகாரர்கள் இல்லாததை நட்டுவிடவில்லை, இருந்த முளைக்கு நீர் விட்டார்கள் என்று இரு பக்கத்துக்கும் சொல்லலாம்.

அதேசமயம் இருவரும் எதையோ கைவிட்டார்கள். மீன் வயிற்றில் யோனா பாடிய பாட்டை மத்தேயு தொடவில்லை. அவருக்கு வேண்டியது நாட்கணக்கு. சேக்கிழாருக்கோ பாட்டே எல்லாம். நான்காம் பாட்டு முடியும் முன்பே பிள்ளை கரையேறிவிடுகிறான். ஆனால் பதிகத்தை அந்த நான்காம் பாட்டின் வழியாகவே பார்க்கப் பழகிய நாம், கொங்கு வழிப்பறியை எண்ணும் மூன்றாம் பாட்டின் சுந்தரரை ஏறக்குறைய மறந்துவிட்டோம். உயிர்த்தெழுதலின் வழியாகவே யோனாவைப் பார்ப்பவர்கள், அத்தனை பெரிய நகரத்து மக்களுக்காகவும் அங்குள்ள ஆடுமாடுகளுக்காகவும் நான் இரங்காதிருப்பேனா என்ற பொருளில் கடவுள் கேட்டு நூலை முடிக்கும் அந்தக் கேள்வியை மறப்பதுபோல.

அந்தக் கேள்வியை மறக்காதவர்கள் யூதர்கள். யோம் கிப்பூர் என்னும் பாவப்பரிகார நாளின் பிற்பகல் வழிபாட்டில் இன்றும் யோனா நூலை முழுதாக வாசிக்கிறார்கள். அவர்களுக்கு அது மனம் திரும்புதலின் நூல். இங்கேதான் ஒப்புமை கூர்மையாக முறிகிறது. அவிநாசிப் பதிகத்துக்கு வேறொரு சமயத்தார் உரிமை கோரவில்லை. சேக்கிழார் தம் வீட்டுச் சொத்தை விரித்தார். யோனாவுக்கு இரண்டு வாரிசுகள் இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிறித்தவ ஆசிரியரான ஜஸ்டின், திரிபோ என்னும் யூதருடன் நடத்திய உரையாடலாக எழுதிய நூலில், இந்த மறைநூல்கள் உங்களுடையவை என்பதைவிட எங்களுடையவை என்று சொல்லத் துணிகிறார். நினிவே மக்கள் மனம் திரும்பினார்கள், நீங்கள் திரும்பவில்லை என்று யோனாவையே யூதர் மேல் திருப்புகிறார். நூலைப் போற்றிக்கொண்டே அதைக் காத்துத் தந்தவர்களை வெளியே நிறுத்திய அந்த வாசிப்பு, பின்வந்த நூற்றாண்டுகளில் யூதருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளுக்குத் துணைபோனது. இதைச் சொல்லாமல் மத்தேயுவின் ஒப்புமை அழகை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது.

ஆனால் கிறித்தவ வாசிப்பு ஒன்றே ஒன்று என்று எண்ணிவிடவும் கூடாது. மாற்கு நற்செய்தியில் அடையாளமே தரப்படாது என்று முடிகிறது. லூக்காவில் யோனாவின் அடையாளம் உண்டு, மீன் வயிறு இல்லை. நினிவேக்கு அவர் சொன்ன செய்தியே அங்கு முன்னிற்கிறது. அது யூத வாசிப்புக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது!

கொங்கு நாடு இந்த இடத்தில் வேறொரு வழியைக் காட்டுகிறது. அவிநாசியிலிருந்து ஈரோட்டுத் திசையில் போனால் விசயமங்கலம். சமணரான கொங்குவேளிர் பெருங்கதை பாடிய ஊர். அதில் வரும் உதயணன் கதையைப் பௌத்தர்களும் சொன்னார்கள், வடமொழி நாடகாசிரியர்களும் சொன்னார்கள்; உன்னுடையதா என்னுடையதா என்ற வழக்கு எழவில்லை. பிற்காலத்தில் அதே விசயமங்கலத்துச் சமணரான கார்மேகக் கவிஞர், கொங்குமண்டல சதகத்தில் இந்நாட்டின் சைவத் தலங்களையும் தம் நாட்டுப் பெருமையாகவே பாடினார். உதயணன் கதை மறைநூல் அன்று, ஆகவே இந்த ஒப்பீடு முழுமையாகப் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிறர் சொத்தைப் பறிக்காமல் கொண்டாட முடியும் என்பதற்குக் கார்மேகக் கவிஞர் நல்ல சான்று.

கல்லும் சுவரும் என்ன சொல்கின்றன என்றும் பார்க்கலாம். உரோமை நகரின் நிலத்தடிக் கல்லறைகளில், மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவர்கள் பழைய ஏற்பாட்டிலிருந்து மிகுதியாக வரைந்தது யோனாவைத்தான். கடல் விலங்கின் வாயில் ஒரு காட்சி, கரையில் கக்கப்படுவது ஒரு காட்சி, கொடிப்பந்தலின் கீழ் ஓய்வாகச் சாய்ந்திருப்பது ஒரு காட்சி. அந்தச் சாய்ந்த கோலம் கிரேக்கப் புராணத்து எந்திமியோனின் உறக்கக் கோலத்திலிருந்து எடுத்தது. அவிநாசிக் கோயில் முன்னுள்ள தீபத்தூணின் அடியில் முதலை வாயிலிருந்து பிள்ளை வெளிவருவதைச் செதுக்கியிருக்கிறார்கள். உரோமைச் சுவரில் யோனா இறந்தவருக்கு அருகே இருக்கிறார். அவிநாசித் தூணில் பிள்ளை கோயிலுக்குள் நுழைபவரை எதிர்கொள்கிறான். ஒன்று இனி வரவிருக்கும் எழுச்சிக்கு உறுதி கூறுகிறது. மற்றொன்று இந்த ஊரில் இது நடந்தது என்கிறது.

அவிநாசியிலிருந்து மேற்கே அதே நெடுஞ்சாலையில் கருமத்தம்பட்டியின் பழைய செபமாலை மாதா கோயில். கத்தோலிக்கக் கோயில்களில் தவக்காலத்தின் முதல் வாரப் புதன்கிழமை யோனா நூலின் மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்படுகிறது. உடன் வரும் நற்செய்தி லூக்காவினுடையது. அன்று மீன் இல்லை, மனம் திரும்பும் நகரமே இருக்கிறது. இன்னும் மேற்கே பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் கேரளத்துச் சுரியானிக் கிறித்தவர்கள் பெருநோன்புக்கு முன் மூன்று நாள் நினிவே நோன்பு இருக்கிறார்கள். சுந்தரர் அவிநாசியைக் கடந்து போனதும் அந்தச் சேரநாட்டுக்குத்தான். அவர் காலத்தை ஒட்டிய 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு கொல்லத்துக் கிறித்தவப் பள்ளிக்குத் தந்த உரிமைகளைச் சொல்கிறது. யோனாவை ஓதியவர்களும் சுந்தரரை வரவேற்றவர்களும் ஒரே சேரநாட்டில் வாழ்ந்திருக்கிறார்கள்.

இவ்விரு நூல்களையும் ஒரே மாலையில் படித்துவிடலாம். பதிகம் பத்துப் பாட்டு, யோனா நான்கு அதிகாரம். சேக்கிழாரையும் மத்தேயுவையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் மூலங்களைப் படியுங்கள். பிறகு அவர்களிடம் வாருங்கள். அவர்கள் என்ன சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பது அப்போது உங்கள் கண்ணுக்கே தெரியும்.