கடைக்குப் போன பையன் ஏன் பேசவில்லை?

சில வருஷங்களுக்கு முன், ஹைடெக் சிட்டியில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்த காலம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். டேட்டாபேஸிலிருந்து அன்றைய பாக்கிப் பட்டியலை எடுக்கும் கமாண்டைக் கூப்பிட்டு, அது கொடுக்கும் பதிலை வாங்கி மெயிலில் அனுப்பும். மூன்று நாள் தொடர்ந்து "பாக்கி எதுவும் இல்லை" என்று மெயில். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். நாலாம் நாள்தான் தெரிந்தது: டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் மாறிவிட்டது, கமாண்ட் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. ஸ்கிரிப்ட் எழுதிய புண்ணியவான் அடியேன். பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த சார்மினார் எக்ஸ்பிரஸ் டிக்கெட் கேன்சல்.

'மண்ணெண்ணெய் வந்திருக்கா, பார்த்துட்டு வா' என்று ரேஷன் கடைக்கு அனுப்பிய பையன், ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்தால் என்ன அர்த்தம்? ஸ்டாக் இல்லையா? கடையே பூட்டியிருந்ததா? இல்லை, இவன் கோலி ஆடப் போய்விட்டானா? என் ஸ்கிரிப்ட் அந்த மௌனத்தை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டது. இப்படி ஏன் ஆகிறது என்று தோண்டப் போய்க் கிடைத்த கதைதான் இது.

1963-64 வாக்கில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்த பிரெஞ்சுக்காரர் லூயி பூஸான், கமாண்டுகளை ஒரு ஃபைலில் எழுதி வைத்து வரிசையாக ஓட்ட 'ரன்காம்' என்று ஒன்றைச் செய்தார். யூனிக்ஸ் ஃபைல் பெயர்கள் சிலவற்றின் வாலில் இன்றைக்கும் தொங்கும் 'ஆர்சி' அதன் மிச்சம்தான். 'ஷெல்' என்ற பெயரும் அவர் வைத்ததே.

வரிசையாக ஓட்டுவது ஒன்று. ஒரு கமாண்டின் பதிலை வாங்கி இன்னொன்றிடம் கொடுப்பது வேறு. தோட்டத்துக் குழாய்களை ஒன்றோடொன்று மாட்டுவது போல புரோகிராம்களை மாட்ட வேண்டும் என்று பெல் லேப்ஸின் டக் மெக்கில்ராய் 1964லேயே எழுதி வைத்தார். யூனிக்ஸில் பைப் வந்ததோ 1973ல்! 1979ல் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் ஸ்டீஃபன் போர்னின் ஷெல் வந்தது. கமாண்டைச் சாய்ந்த மேற்கோள் குறிகளுக்குள் (கீபோர்டில் 1க்குப் பக்கத்தில் இருக்கிறதே, அது) போட்டால், அதன் பதில் அந்த இடத்தில் வந்து உட்காரும். 1987ல் லாரி வால் பெர்லை எழுதியபோது அந்தக் குறியை அப்படியே எடுத்துக்கொண்டார்.

சரி, தோல்விச் செய்தி எங்கே போனது? அதற்கும் பெல் லேப்ஸில் ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் பதிலும் பிழைச் செய்தியும் ஒரே வழியில்தான் வந்தன. அச்சுக்கோக்கும் இயந்திரத்துக்கு வேலை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், கட்டுரைக்குப் பதில் 'ஃபைலைத் திறக்க முடியவில்லை' என்ற ஒற்றை வரி அழகாக அச்சாகி வருமாம். அந்த எரிச்சலில்தான் பிழைச் செய்திக்கென்று தனி வழி பிறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் சாய்ந்த குறி பிடித்துக்கொடுப்பது முதல் வழியை மட்டும். பையன் புழக்கடைப் பக்கம் நின்று 'கடை பூட்டியிருக்கு' என்று கத்துகிறான், நான் வாசலில் காத்திருக்கிறேன். இது போக, வேலை முடிந்ததும் கமாண்ட் ஒரு எண்ணையும் விட்டுச் செல்லும். பூஜ்யம் என்றால் சுபம். அதையும் நான் பார்க்கவில்லை.

பைப்பில் இன்னும் மோசம்: கடைசிக் கமாண்டின் எண்தான் கைக்கு வரும், நடுவில் எவன் விழுந்தாலும் தெரியாது. 2004ல் பாஷ் 3.0 இதற்கு 'பைப்ஃபெயில்' கொடுத்தது. அதே வருஷம் பைத்தான் 2.4ல் வந்த 'சப்ராசஸ்', பதில், பிழை, எண் மூன்றையும் தனித்தனியாகக் கையில் தந்தது.

இதைப் படிக்கும்போது நம்ம கச்சிபௌலி ஞாபகம் வந்தது. அங்கே 1998ல் தொடங்கிய ஐ.ஐ.ஐ.டி.யின் தலைமையில், பல கல்வி நிறுவனங்கள் சேர்ந்து 'சம்பர்க்' என்ற மொழிபெயர்ப்பு அமைப்பை உருவாக்கின. தெலுங்கிலிருந்து தமிழுக்கும் உண்டு, தமிழிலிருந்து இந்திக்கும் உண்டு. சொல்லைப் பிரிக்க ஒன்று, இலக்கணம் பார்க்க ஒன்று, தமிழ்ச் சொல்லை வைக்க ஒன்று என்று வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கணினி மொழிகளில் எழுதிய துண்டுகள். ஒன்றின் பதில் அடுத்ததற்குத் தீனி. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே எழுத்து வடிவம் வைத்தார்கள். ஒரு துண்டுக்கு விடை தெரியாவிட்டால் அந்த இடம் காலியாக நிற்கும், வாக்கியம் தொலையாது. அடுத்தவர் இருப்பதை வைத்து ஒப்பேற்றுவார். தமிழ் கொஞ்சம் நொண்டும், அவ்வளவுதான். பாக்கிப் பட்டியலில் அப்படி ஒப்பேற்ற முடியுமா?

நான் மூன்று வரி சேர்த்தேன். எண் பூஜ்யம் இல்லையென்றால் மெயில் கிடையாது, என் போனுக்கு மட்டும் செய்தி.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டேன். ராத்திரி இரண்டரைக்குத் தலைமாட்டில் போன் அலறியது. 'யாருடா இந்நேரத்துல?' என்று அம்மா எழுந்து உட்கார்ந்தாள். ஹைதராபாத்திலிருந்து என் ஸ்கிரிப்ட்தான்: 'டேட்டாபேஸ் கிடைக்கவில்லை.'