வீட்டு மீன்தொட்டி

வீட்டு மீன்தொட்டி என்பது அழகு மீன்களையும் நீர்ச்செடிகளையும் வளர்க்க வீட்டுக்குள் வைக்கப்படும் கண்ணாடித் தொட்டி. நிரப்பும் நீரைப் பொறுத்து நன்னீர்த் தொட்டி, கடல்நீர்த் தொட்டி என இரு வகைப்படும். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் காணப்படுவது நன்னீர்த் தொட்டியே. மீனைப் பராமரிப்பதைவிட அது வாழும் நீரைப் பராமரிப்பதே இதில் பெரும்பகுதி வேலை. ஆகவே ஊருக்கு ஊர் நீர் மாறும்போது வளர்க்கும் முறையும் மாறுகிறது.

வரலாறு

தங்கமீன்களைத் தொட்டியிலும் குளத்திலும் வளர்க்கும் வழக்கம் சீனாவில் பல நூற்றாண்டுகளாக உண்டு. மீன், நீர்ச்செடி, நத்தை ஆகிய மூன்றையும் ஒரே தொட்டியில் சமநிலையில் வாழவைக்கலாம் என்பதை 1850இல் இங்கிலாந்து வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் விளக்கினார். 1853இல் லண்டன் விலங்குக் காட்சியகத்தில் பொதுமக்களுக்கான மீன்காட்சிச் சாலை திறக்கப்பட்டது. 1854இல் இங்கிலாந்து இயற்கையியலர் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்ற சொல் பரவியது.

சென்னை மெரினாவில் 1909இல் திறக்கப்பட்ட கடல்மீன் காட்சியகம் இந்தியாவின் தொடக்ககாலக் காட்சியகங்களில் ஒன்று. முதலில் அரசு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த அது பின்னர் மீன்வளத் துறைக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது.

இன்று தமிழ்நாட்டில் அழகு மீன் தொழிலின் முதன்மை மையம் சென்னை கொளத்தூர். அங்கு வீட்டுக் கொல்லைகளில் கட்டிய சிமென்ட் தொட்டிகளில் வளர்ந்த தொழில், இடம் போதாமல் திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களின் மண்குளங்களுக்கும் பரவியது.

நைட்ரஜன் சுழற்சி

மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் அம்மோனியா வெளியேறுகிறது. மிஞ்சிய தீவனம் அழுகினாலும் அம்மோனியா உண்டாகும். இது மீனுக்கு நஞ்சு. வடிகட்டியின் பஞ்சிலும் சரளையிலும் குடியேறும் ஒருவகைப் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சே. வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகே ஆபத்து குறைகிறது. சேரும் நைட்ரேட்டைச் செடிகள் ஓரளவு உறிஞ்சும். மீதியை நீர் மாற்றித்தான் நீக்க வேண்டும்.

இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். புதுத் தொட்டியில் முதல் நாளே பல மீன்களை விட்டால் ஓரிரு வாரத்தில் அவை இறப்பதற்குக் காரணம் இதுதான். பளிங்குபோல் தெளிந்த நீரிலும் அம்மோனியா இருக்கலாம். அதைக் கண்டறியச் சோதனைக் கிட் தேவை. ஏறிய அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீண்டும் சுழியத்துக்கு இறங்குவதே தொட்டி தயாராகிவிட்டதற்கு அடையாளம்.

தொட்டியும் பராமரிப்பும்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 60×30×30 செ.மீ. கொண்ட இரண்டடித் தொட்டி 54 லிட்டர் கொள்ளும். நீரின் எடை மட்டுமே 54 கிலோ. கண்ணாடியும் சரளையும் சேர்ந்தால் இன்னும் கூடும் என்பதால் தாங்குபலகை உறுதியாக இருக்க வேண்டும். சிறு கிண்ணத்தில் கழிவு விரைவில் செறிவதால், புதிதாகத் தொடங்குபவருக்கும் பெரிய தொட்டியே எளிது.

வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு நீரைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே வெப்பநிலையில் புதுநீர் ஊற்றுவது பொதுவான முறை. குழாய்நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கும் மருந்து சேர்க்க வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் கழுவினால் பாக்டீரியாக்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும். ஓரிரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீவனம் இட வேண்டும்.

மலையடிவார ஊர்களின் நீரும் வெயிலும்

சேத்தூர், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்றும் விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டியுள்ள ஊர்கள். இராஜபாளையத்தின் குடிநீர் ஆதாரங்களில் ஒன்றான ஆறாவது மைல் நீர்த்தேக்கம் மலையோடை நீரைத் தேக்குவது. மலையோடை நீர் பொதுவாக மென்மையானது. ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பும் சுண்ணமும் கூடியது. ஒரே தெருவில் இரு வீடுகளின் நீர் வேறுபடலாம் என்பதால், மீன் வாங்குவதற்கு முன் நீரின் கடினத்தன்மையைச் சோதிப்பது நல்லது.

கடின நீரில் கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய குட்டிபோடும் மீன்கள் செழிக்கும். அமேசான் பகுதியைச் சேர்ந்த நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை மென்னீரை விரும்புபவை. ஃபைட்டர் மீன் காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கும். ஆனால் ஆண் மீன்களைத் தனித்தனியே வைக்க வேண்டும். தங்கமீன் அதிகக் கழிவு வெளியேற்றும், குளிர்ந்த நீரை விரும்பும்.

குளிர்நாட்டுக் கையேடுகள் ஹீட்டரை வலியுறுத்துகின்றன. இப்பகுதியில் கோடை வெப்பமே பெரிய சிக்கல். நீர் சூடாகும்போது அதில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும் நன்னீரில், 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராமே கரையும். அதே நேரம் மீனின் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுவது ஆக்சிஜன் பற்றாக்குறையின் அறிகுறி. வெயில் படாத சுவரோரம் தொட்டியை வைப்பதும், நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறிக் காற்றுப் படச் செய்வதும், மின்தடையின்போது பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரை இயக்குவதும் பயன்தரும் வழிகள்.

கடல்நீர்த் தொட்டி

கடலோரம் அல்லாத ஊர்களில் கடல்நீர்த் தொட்டிக்குச் செயற்கை உப்புக் கலவையை ஆர்.ஓ. நீரில் கரைப்பதே வழக்கம். சமையல் உப்பு இதற்கு உதவாது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புத்தன்மை இருக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுவதால், குறைந்த அளவை நன்னீரால் மட்டுமே ஈடுசெய்ய வேண்டும். கோடையில் இது அன்றாட வேலை. கடல்நீரில் நன்னீரைவிடக் குறைவாகவே ஆக்சிஜன் கரையும் என்பதால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் செலவும் கூடும்.

நன்னீர் அழகு மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. கடல் அழகு மீன்களில் பெரும்பாலானவை கடலில் பிடிக்கப்பட்டவை. விதிவிலக்கு கோமாளி மீன். தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் ஆய்வு மையமும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையமும் அதன் குஞ்சு உற்பத்தியில் ஈடுபட்டன. கோமாளி மீன்கள் அனைத்தும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறுகிறது.

சட்டமும் சூழலும்

1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கடற்குதிரையும் பாறைப் பவளங்களும் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்து இவற்றை எடுத்துத் தொட்டியில் வைப்பது குற்றம். சேத்தூருக்கு மேற்கேயுள்ள காடுகள் 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல்நிற அணில் சரணாலயத்தைச் சார்ந்தவை. 2021இல் இச்சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. காப்பகத்து ஓடைகளில் மீன் பிடித்து வருவதும் தடைசெய்யப்பட்டதே.

மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள் பல ஓரிட மீன்களின் வாழிடம். தாமிரபரணிக்கே உரிய ஒரு கெண்டை மீனை மீனியலாளர் இ. ஜி. சைலஸ் 1954இல் விவரித்தார். அழியும் ஆபத்தில் உள்ள அந்த மீன், அழகு மீன் வளர்ப்போரால் விரும்பப்படுவதும் கூட.

தொட்டியிலிருந்து வெளியே போகும் மீன்களாலும் ஆபத்து உண்டு. பாசி தின்னும் என்று வாங்கப்படும் தென்னமெரிக்க ‘சக்கர்’ மீன், விரல்நீளத்தில் வந்து ஓரடிக்கு மேல் வளரும். தொட்டியில் இடம் போதாமல் நீர்நிலைகளில் விடப்பட்ட இவ்வினம் தமிழ்நாட்டு ஏரிகளில் பெருகியுள்ளது. அதன் முள்ளும் தடித்த தோலும் வலைகளைக் கிழிப்பதாக மீனவர்கள் குறைகூறுகின்றனர். இனி வளர்க்க முடியாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுக்கலாம். கண்மாயிலோ கிணற்றிலோ ஓடையிலோ விடக்கூடாது.