பந்தலும் பாலித்தீனும்: கம்பம் பள்ளத்தாக்கில் பசுமைக்குடில் கூரையும் வெப்பமும்

கூடலூரிலிருந்து உத்தமபாளையம் வரை கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த திராட்சைப் பந்தல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்பெயின் நாட்டின் அல்மெரியா நினைவுக்கு வரும். அங்கும் திராட்சைக்குக் கம்பிப் பந்தல்தான். 1960களில் அந்தப் பந்தல் அமைப்பின் மேலேயே பாலித்தீன் தாளை விரித்தார்கள். வெயிலைத் தவிர வேறு கணப்பு இல்லாத அந்தக் குடில்கள், உலகின் மிகப் பெரிய பசுமைக்குடில் பரப்புகளில் ஒன்றாக வளர்ந்தன. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையோ இன்றும் பெரும்பாலும் திறந்த பந்தலில்தான் விளைகிறது. இந்தப் பள்ளத்தாக்கு அமைந்த தேனி மாவட்டத்துக்குப் பிளாஸ்டிக் கூரை வந்த வழி வேறு. அது எதிர்கொண்ட கேள்வியும் வேறு: வெப்பத்தை எப்படி வெளியேற்றுவது என்பது.

குளிர்நாட்டார் கேட்டது, வெப்பத்தை எப்படி உள்ளே நிறுத்துவது என்று. கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, மண்ணும் செடியும் திருப்பி அனுப்பும் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதால்தான் குடில் சூடாகிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1909இல் அமெரிக்க இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் இரண்டு பெட்டிகளை வெயிலில் வைத்தார். ஒன்றுக்குக் கண்ணாடி மூடி, மற்றொன்றுக்கு அகச்சிவப்பைத் தடுக்காத பாறையுப்பு மூடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடேறின. பகல் வெப்பத்துக்கு முதற்காரணம், சூடான காற்று வெளியேற வழியில்லாமல் அடைபடுவதே என்று அவர் முடிவுக்கு வந்தார்.

பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தில் தற்செயலாகப் பிறந்தது. 1948இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் எம்மெர்ட், கண்ணாடி வாங்கப் பணமின்றி செல்லுலோஸ் அசிடேட் தாளைக் கொண்டு குடில் அமைத்தார். பின்னர் மலிவான பாலித்தீன் அந்த இடத்தைப் பிடித்தது. ஆனால் அதற்கு ஒரு குறை இருந்தது. சாதாரண பாலித்தீன் அகச்சிவப்பைக் கணிசமாகக் கசியவிடும். மேகமில்லாத, காற்றசையாத இரவில் குடிலுக்குள் வெளியைவிடக் குளிர்ந்துவிடுவதும் உண்டு. இதைத் தடுக்கவே எத்திலீன் வினைல் அசிடேட் கலந்த தாள்களும், கனிமத்தூள் சேர்த்த தாள்களும் வந்தன. பெரியகுளத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கொடைக்கானல் மலையில், உறைபனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில் இந்த வேறுபாடு பயிரைக் காக்கும். கீழே பள்ளத்தாக்கில் அந்தக் குறையே குணம்: பகலில் சேர்ந்த சூட்டை இரவில் தாள் வெளியே விட்டுவிடுகிறது.

இந்தியாவில் வேளாண்மைக்கான பிளாஸ்டிக் பயன்பாட்டை ஆராய 1981இல் தேசியக் குழு அமைந்தது. 2005இல் தொடங்கிய தேசிய தோட்டக்கலை இயக்கத்தின் மானியம் குடில்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்தது. வாழைக்குப் பேர்போன தேனியில் திசு வளர்ப்புக் கன்றுகளுக்கு இந்தக் கூரை இன்றியமையாதது. ஆய்வகக் குப்பியிலிருந்து வரும் ஜி9 ரக வாழைக் கன்றின் இலையில் மெழுகுப் பூச்சு போதாது. வெளிக்காற்று பட்டால் வதங்கும். முதலில் ஈரப்பதம் மிகுந்த பாலித்தீன் குடிலில் வைத்து, பிறகு நிழல்வலைக்கு மாற்றிக் கடினப்படுத்துவார்கள்.

விடியற்காலையில் அப்படியொரு குடிலுக்குள் நின்றால் தாளின் உட்புறம் துளித்துளியாக நீர் கோத்திருக்கும். விரலால் தொட்டால் சரசரவென வழிந்து குழித்தட்டில் விழும். அந்த நீர்ப்படலமும் அகச்சிவப்பைத் தடுக்கும். நனைந்த பாலித்தீன் ஓரளவு கண்ணாடியைப் போல நடந்துகொள்கிறது. காய்ந்த தாளை வைத்து எடுத்த அளவீட்டை ஈரம் நிறைந்த குடிலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பது இதனால்தான்.

பகலில் கதை மாறுகிறது. பக்கத்திரைகளை இறக்கி அடைத்த குடில் உச்சிவெயிலில் வெளியைவிட 10 டிகிரிக்கும் மேல் ஏறுவது சாதாரணம். தக்காளிக்கோ பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினாலே காய்ப்பிடிப்பு குறையத் தொடங்கும். கூரை போடுகிறவர்கள் முதலில் கேட்பது தாள் எத்தனை மைக்ரான் என்று. திறப்பு எந்தப் பக்கம், எவ்வளவு அகலம் என்று கேட்பதே முறை என்பது என் கருத்து. வுட்டின் பெட்டிகள் காட்டியதும் அதுதான். வெள்ளை ஈக்குப் பயந்து நுண்கண் வலை கட்டினால் காற்றும் குறையும். அதற்கேற்பத் திறப்பை அகலப்படுத்த வேண்டும். ஆனி, ஆடியில் கணவாய் வழியே பாய்ந்து வரும் காற்றுக்கு முகம் காட்டாதபடி மேல்திறப்பை வைக்காவிட்டால் தாளே கிழிந்துபோகும்.

நிழல்வலையைக் கட்டும் இடமும் முக்கியம். கறுப்பு வலையைத் தாளுக்குக் கீழே கட்டினால் வெயிலை வாங்கிச் சூடேறும் வலை அந்தச் சூட்டைக் குடிலுக்குள்ளேயே விடும். அதே வலையைத் தாளுக்கு மேலே, ஒரு முழ இடைவெளி விட்டுக் கட்டினால் சூடு வெளிக்காற்றோடு போய்விடும்.