நைட்ரஜன் கலந்த குறைக்கடத்திகளில் வெப்பப் பதப்படுத்தல்

காலியம் ஆர்சனைடில் நூற்றில் ஓர் ஆர்சனிக் அணுவின் இடத்தில் நைட்ரஜன் அமர்ந்தாலே அதன் 1.42 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இடைவெளி 0.1க்கும் மேல் சுருங்கிவிடும். வியப்பூட்டும் இப்பண்பை நம்பியே 1990களின் நடுவில் ஜப்பானின் ஹிட்டாச்சி ஆய்வாளர்கள், ஒளியிழைத் தொடர்புக்கான 1.3 மைக்ரோமீட்டர் லேசருக்கு இண்டியமும் நைட்ரஜனும் சேர்ந்த கலவையை முன்மொழிந்தார்கள். நைட்ரஜன் இதில் எளிதில் கரைவதில்லை. எனவே படலத்தைச் சுமார் 400–450 டிகிரி செல்சியஸில்தான் வளர்க்கிறார்கள். அந்தக் குறைந்த வெப்பத்தில் தவறான இடங்களில் சிக்கும் நைட்ரஜன் அணுக்கள் ஒளிர்வைக் கெடுக்கின்றன.

பின்னர் 650–800 டிகிரியில் சிறிது நேரம் சூடாக்கினால் குறைகள் பெரிதும் நீங்கி ஒளிர்வு பன்மடங்கு கூடும். ஆனால் நைட்ரஜனைச் சுற்றிக் காலியம் குறைந்து இண்டியம் கூடுவதால் இடைவெளி மீண்டும் விரிகிறது. உமிழும் ஒளியின் அலைநீளம் குறைகிறது. லேசர் வடிவமைப்பாளரை மிகவும் சோதிப்பது இதுதான். ஆர்சனிக் ஆவியாகாதிருக்க மேலே இன்னொரு காலியம் ஆர்சனைடுத் தகட்டை வைத்து மூடுவதுண்டு.

காலியம் நைட்ரைடின் கதை வேறு. மக்னீசியம் சேர்த்த படலத்தை நைட்ரஜன் சூழலில் 700 டிகிரிக்கு மேல் சூடாக்கி, உள்ளிருந்த ஹைட்ரஜனை ஆய்வாளர் ஷுஜி நாகமுரா 1992இல் வெளியேற்றிக் காட்டினார். நீல ஒளி டையோடுக்கு அது வழி திறந்தது. சென்னை கிண்டியில், அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்திலும் காலியம் நைட்ரைடு ஆய்வு நடந்துள்ளது.